கஞ்சா எண்ணெயும் ஒரு தட்டுச் சோறும்

அன்றைக்கு என் தங்கை மூன்றாம் முறையாகச் சோறு கேட்டாள். நான் அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

"என்னக்கா பண்ற அங்க? ரசம் இருந்தா ஊத்து. அந்த நெத்திலிச் சம்பலையும் எடுத்துட்டு வா" என்று கூடத்திலிருந்து கத்தினாள். கத்துகிற அளவுக்குக் குரல் வந்திருந்ததே எனக்கு அதிசயமாக இருந்தது. பத்து நாளைக்கு முன்னால் வரை அரை இட்லியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தவள் அவள்.

எங்கள் வீட்டில் நோயை அளக்க இருந்தது ஒரே ஒரு கருவி, சோற்றுத் தட்டு. காய்ச்சல் எவ்வளவு, ரத்தத்தில் என்ன, ஸ்கேனில் என்ன என்பதெல்லாம் டாக்டர் பாடு. மைலோ மாவு டின்னோடு நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது, "சாப்டாங்களா?" என்றுதான். சாப்பிட்டார் என்றால் பிழைத்துக்கொள்வார். சாப்பிடவில்லை என்றால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் அளந்தாள், நானும் அப்படித்தான் அளந்தேன். அந்தத் தட்டை நம்பித்தான் என் தங்கையைத் தொலைத்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து யாரையும் அழ வைக்கிற உத்தேசம் எனக்கில்லை.

நான் மலேசியாவில், ஜொகூர் பாரு பக்கத்துத் தெப்ராவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கியூசி. வருகிற சரக்கையும் போகிற சரக்கையும் பார்த்து, தேறாததைத் தள்ளுகிற வேலை. முடி அளவு கீறல் இருந்தாலும் என் கண்ணில் படும். சோதனைத் தாள் இல்லாமல் வந்த பெட்டியை நான் திறக்கவே மாட்டேன், லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவேன். லைனில் இருக்கிற பெண்கள் எனக்கு வைத்த பெயர் 'ரிஜெக்ட் அக்கா'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள் நான்.

தங்கை எனக்கு ஒன்பது வயது இளையவள். செடெனாக் பக்கத்து எஸ்டேட் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்போது தங்கைக்குப் பன்னிரண்டு வயது. தலை வாரிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், பிறகு சிம்பாங் ரெங்கத்தில் நல்ல மனுஷன் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். எங்களுக்கு ஓர் அண்ணனும் இருந்தான். பவுடர், அதாவது ஹெராயின் பழக்கத்தில் விழுந்து, ஒருநாள் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் கையில் ஊசி செருகியபடி செத்துக் கிடந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களோடு நானும் நடந்து வந்தேன். அதற்கப்புறம் போதை என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுக்க விடமாட்டேன்.

தங்கைக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது ஒரு தீபாவளி முடிந்த சமயம். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது என்றாள். ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரிக்கு அலைய வசதியாக இருக்கும் என்று அவளை என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. வாரம் முழுக்க அங்கேயே அறையெடுத்துத் தங்கியிருந்தவர், அவளுக்காக என் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்வர ஆரம்பித்தார்.

டாக்டர் ஒரு சீன அம்மாள். எனக்குப் புரியும்படி மெதுவாக மலாயில் சொன்னார். இது புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பத்திலேயே வந்திருக்கிறீர்கள், அறுவை செய்து எடுத்துவிட்டு பிறகு மருந்து ஏற்றுவோம், நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு தேதியும் கொடுத்தார்.  வீட்டுக்கு வந்ததும் தங்கை சொன்னாள்.

"அக்கா, சின்னம்மாவ நெனச்சுப் பாரு."

எங்கள் அம்மாவின் தங்கையைச் சொன்னாள். அவருக்கும் இதே நோய். ஆஸ்பத்திரியில் அந்த மருந்தை ஏற்றியபோது முடி கொட்டி, ஒரு வாய்க் கஞ்சி இறங்காமல், எலும்பும் தோலுமாகக் கிடந்து செத்தார். நோய் கொன்றது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அந்த மருந்துதான் கொன்றது என்பார்கள். ஏனென்றால் நோய் வந்தபோது சின்னம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருந்து ஏறிய பிறகுதான் தட்டைத் தள்ளினார்.

அந்தப் பயத்திலேயே தங்கைக்குத் தூக்கம் போனது, சோறும் இறங்கவில்லை. பயம் வந்துவிட்டால் போன் சும்மா இருக்குமா? யார் யாரோ யார் யாருக்கோ அனுப்பிய செய்தியெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. கஞ்சா எண்ணெய் கேன்சர் கட்டியைக் கரைக்கும், மருந்துக் கம்பெனிக்காரன் வியாபாரம் படுத்துவிடும் என்று மறைக்கிறான், தாய்லாந்தில் கடை போட்டே விற்கிறான், சித்தர்கள் அன்றைக்கே சொன்னது, பச்சிலை என்பதால் பக்க விளைவே கிடையாது. ஒவ்வொன்றையும் நான் இரண்டு முறை படித்தேன். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் படித்தால் எதைத்தான் நம்பமாட்டோம்?

லைனில் என்னோடு நிற்கிற ஒருத்தி, எண்ணெய் விற்கிறவர் ஒருவரின் நம்பர் கொடுத்தாள். பேசியவர் நாற்பது வயதுக்குள் இருப்பார். ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் சந்தித்தோம். சந்தேகப்படும்படியான ஆளே இல்லை. நெற்றியில் விபூதி, சலவை செய்த சட்டை. அவர் அம்மாவுக்கும் புற்றுநோய் என்றார். எண்ணெய் கொடுத்தபோது அந்த அம்மாள் நன்றாகத் தூங்கினாராம், சாப்பிட்டாராம். அவரைத் திட்டித் தீர்க்க எனக்கு இன்றைக்கும் ஆசைதான். ஆனால் அவர் என்னை ஏமாற்ற வந்தவர் இல்லை. அவரும் தட்டைப் பார்த்து ஏமாந்தவர்தான்.

அப்பளப் பெட்டிக்குள் வைத்து ஒரு சின்னக் கறுப்பு போத்தலைக் கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தம்பி, இதுல ஒரு லேபில்கூட இல்லையே. உள்ள என்ன இருக்கு, எவ்ளோ இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஐயோ, அலமாக், லேபில் ஒட்டுனா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுவான்லா அக்கா. நம்பிக் குடுங்க. ஆனா ஒண்ணு, இங்கிலீஷ் மருந்தோட சேர்க்கக் கூடாது. அது வந்தா இதோட வேலையக் கெடுத்துரும்."

ஒரு ஸ்க்ரூ பெட்டிக்குச் சோதனைத் தாள் கேட்கிற ரிஜெக்ட் அக்கா, அந்தப் போத்தலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கார் ஓட்டினேன். தெப்ராவ் நெடுஞ்சாலையில் போலீஸ் வண்டி ஒன்று பக்கத்தில் வந்தபோது போத்தலை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு நேராகப் பார்த்து ஓட்டினேன். இந்த நாட்டில் இதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தங்கைக்காக ஜெயிலுக்கும் போவேன் என்று எனக்கு நானே வீரம் பேசிக்கொண்டேன். அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப் போக அந்த வீரம் ஏன் வரவில்லை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர், என்னோடு மோதிய ஒரே நாள் அதுதான். வேலை முடிந்து வந்தவர் போத்தலைப் பார்த்ததும் சட்டைகூட மாற்றாமல் நின்றார்.

"வேணாங்க்கா. டாக்டர் டேட் குடுத்திருக்காங்க. மொதல்ல அத முடிப்போம். நானும் டெய்லி கஸ்டம்ஸ் தாண்டுறவன். கையில காலுல பட்டு அங்க மோப்பம் புடிச்சான்னா என் கதி என்ன?"

"உங்களுக்கு உங்க வேலை பெருசு. எனக்கு என் தங்கச்சி பெருசு" என்றேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் முகம் விழுந்துவிட்டது.

"அதுக்குச் சொல்லலக்கா. உங்க அண்ணன் போன வழிய நீங்களே பாத்திருக்கீங்க."

"அண்ணன் போட்டது பவுடர். இது இலை. மூலிகை."

"பச்சையா இருக்கறதெல்லாம் மூலிகையாக்கா? அரளியும் செடிதான்."

 தோற்கும்போது நான் செய்வதைத்தான் அன்றைக்கும் செய்தேன். கத்தினேன். நடுவில் தங்கை எழுந்து வந்தாள். "விடுங்க, அக்கா எனக்குக் கெட்டது பண்ணுமா?" என்று அவரிடம் சொன்னாள். அதோடு அவர் அடங்கிவிட்டார். மறுநாளிலிருந்து வேலைக்குப் போட்டுப்போகும் உடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே ஒரு பையில் கட்டி வைத்தார்.

போத்தலைச் சாமி மேடையில், விளக்கெண்ணெய்க்கும் விபூதித் தட்டுக்கும் பின்னால் வைத்தேன். போலீஸே வந்தாலும் சாமி மேடையில் கை வைக்கத் தயங்குவான் என்ற கணக்கு. தினமும் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, அதிலிருந்தே சொட்டு எடுத்து அவள் நாக்கின் அடியில் விட்டேன். சாமியும் அதற்கு உடந்தை மாதிரி ஆகிவிட்டது.

முதல் நாள் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சுவர் நகர்கிறது என்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு காரணமே இல்லாமல் சிரித்தாள், பிறகு அழுதாள். எண்ணெய்க்காரருக்குப் போன் போட்டால், மருந்து நோயோடு சண்டை போடுகிறது, பயப்படாதீர்கள் என்றார். பக்க விளைவே கிடையாது என்றவர் கண்ணெதிரே வந்த பக்க விளைவுக்கு வேறு பெயர் வைத்தார். நானும் தலையாட்டினேன்.

நாலைந்து நாளில் தூங்க ஆரம்பித்தாள். பிறகு பசித்தது. அதுவும் சாதாரணப் பசியா! மீன் தலைக்கறி கேட்டாள், தோசை கேட்டாள், சாயங்காலம் பொரித்த வாழைப்பழம் வாங்கி வரச் சொல்லிச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டாள். கன்னத்தில் சதை போட்டது. வந்து பார்த்தவர்கள் எல்லாம், "முகம் தெளிஞ்சிருச்சே! நோயாளி மாதிரியா இருக்கா?" என்றார்கள். கண்ணேறு பட்டுவிடப் போகிறதே என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். அப்படியொரு நாள்தான் மூன்றாம் முறையாகச் சோறு கேட்டதும், நான் கரண்டியோடு நின்று அழுததும்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, உறவில் ஒரு காரியம் இருக்கிறது, தேதியைத் தள்ளி வையுங்கள் என்று பொய் சொன்னேன். அவர்கள் வேறு தேதி கொடுத்தார்கள். அதற்கும் போகவில்லை. இரண்டு முறை அவர்களே கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை நான் போனையே எடுக்கவில்லை.

கட்டி சின்னதாகிவிட்டதா என்று அவளைக் கேட்பேன். "அப்படித்தான்கா இருக்கு" என்பாள். காட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கம்பெனியில் ஆயிரம் பொருளைத் திருப்பிப் பார்க்கிறவள், வீட்டில் அந்த ஒன்றைப் பார்க்கப் பயந்தேன்.

சித்திரை பிறந்த கொஞ்ச நாளில் ஒருநாள் அவளால் கையைத் தூக்கி ஜடை பின்ன முடியவில்லை. பின்னிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள்ளேயே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு திரிந்ததன் காரணம் அப்போது தெரிந்தது. கை வீங்கியிருந்தது. ஜாக்கெட்டுக்குள் துணி வைத்துக் கட்டியிருந்தாள். கட்டி உடைந்து வாடை வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். முதுகு வலியும் சேர்ந்துகொண்டு ஒரு மாதம் ஆகிறது என்றாள்.

"ஏன்டி சொல்லல? ஏன்டி பாவி சொல்லல?"

"நான் சாப்டா நீ சிரிக்கிறக்கா. ரொம்ப நாளைக்கப்புறம் நீ சிரிச்சுப் பாத்தேன். எப்படிச் சொல்லச் சொல்ற?"

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மாள். எல்லாப் பரிசோதனையும் முடிந்து எங்களை உட்காரவைத்தார். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மஞ்சள் தண்ணீர் மட்டும்தான் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, தங்கை குறுக்கே வந்தாள். "கஞ்சா எண்ணெய், டாக்டர். நானாதான் வாங்கினேன். அக்காவுக்குத் தெரியாது" என்று மலாயில் சொன்னாள். அந்த நிலையிலும் சட்டத்திலிருந்து என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்.

டாக்டரம்மாள் போலீஸைக் கூப்பிடவில்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். சில நாடுகளில் அந்தச் செடியிலிருந்து எடுத்த மருந்தை அளவு பார்த்து, டாக்டர் கண்காணிப்பில் கொடுப்பதுண்டு. வாந்திக்கு, சிலவகை வலிப்புக்கு, சிலருக்கு வலிக்கு. பசியைத் தூண்டலாம், தூக்கம் தரலாம். ஆனால் மனிதருக்கு வந்த புற்றுநோயை அது குணமாக்கியதாக யாரும் நிரூபிக்கவில்லை. உங்கள் போத்தலில் என்ன இருந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. உங்கள் தங்கை நன்றாகச் சாப்பிட்டது எண்ணெயின் வேலையாக இருக்கலாம், நோய் அதன் பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"சின்னம்மா சாப்பிடலையே டாக்டர், அதனாலதான் செத்தாங்க" என்று எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் சொன்னேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. இத்தனை வருட நம்பிக்கை கையை விட்டுப் போகும்போது ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்ப்போம். சின்னம்மா எந்த நிலையில் வந்தார் என்று டாக்டரம்மாள் கேட்டார். கட்டி உடைந்த பிறகுதான் கூட்டிக்கொண்டு போனார்கள். இருபத்தைந்து வருடமாக அந்த ஒரு விஷயத்தை நாங்கள் யாருமே கதையில் சேர்த்துச் சொன்னதில்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"பொங்கலுக்கு முன்னால ஆபரேஷன் பண்ணியிருந்தா?"

டாக்டரம்மாள் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். முதுகெலும்புக்குப் போய்விட்டது, இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை என்றார்.

வீட்டுக்கு வந்து கறுப்பு போத்தலைக் கழிப்பறையில் ஊற்றினேன். எண்ணெய்க்காரர் குரல் செய்தி அனுப்பினார். சொட்டைக் கூட்டுங்கள் என்றார். வாயில் வந்ததையெல்லாம் திட்டி ஒரு செய்தி போட்டேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "எங்கம்மாவும் போயிட்டாங்கக்கா. உங்ககிட்ட சொல்லல." அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் என் பாவம் ஒன்றோடு போயிருக்கும்.

வீட்டுக்கே வந்து பார்த்துப்போக ஒரு மிஸ்ஸி வந்தார். தாதியரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும். மார்ஃபின் திரவம் இரண்டு போத்தல் கொடுத்தார். ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டுக் காட்டினார்.

"இந்தக் கோடு வரைக்கும் எடுத்து வாயில விடுங்கம்மா. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா. வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. வர்றதுக்கு முன்னாடியே குடுத்துடணும்."

"மிஸ்ஸி, இது அந்தப் பவுடர் ஜாதிதானே?"

"அதுவும் இதுலருந்து செய்யறதுதான். ஆனா வலிக்கு, டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அடிமையாவாங்கன்னு பயப்பட வேணாம்மா. உங்க தங்கச்சிக்கு இப்ப வேண்டியது வலி இல்லாம இருக்கறது."

அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான். ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த அண்ணன் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். ஒரு போத்தலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக் கெட்டவள், அடுத்த போத்தலைச் சந்தேகப்பட்டேன். அந்தப் போத்தலில் லேபில் இருந்தது, அளவு இருந்தது, கொடுத்தவர் கையெழுத்து இருந்தது. என் வேலையில் நான் கேட்கிற எல்லாமே அதில் இருந்தது. லேபில் இல்லாததைப் பாஸ் பண்ணிவிட்டு, லேபில் இருந்ததை ரிஜெக்ட் பண்ணினேன்.

சிவப்புக் கோட்டுக்குப் பாதி வரைதான் எடுத்தேன். ஒவ்வொரு முறையும். போதைக்காரியாகத் தங்கை சாகக் கூடாது, அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது. சாகப்போகிறவளுக்கு எதற்கு அந்தக் கவலை?

மூன்று வாரம். அவள் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். திரும்பிப் பார்க்கும்போது மட்டும் முகத்தைச் சரிசெய்துகொள்வாள். மிஸ்ஸி வந்து வலி எப்படி என்று கேட்டால், "பரவால்ல மிஸ்ஸி, ஓகேலா" என்பாள். நான் ரசம் சாதம் பிசைந்துகொண்டு போவேன். வேண்டாம் என்று சொல்லமாட்டாள். மூன்று வாய் வாங்குவாள். விழுங்கும்போது கழுத்து நரம்பு புடைக்கும். விழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், நான் சிரிக்கிறேனா என்று. நானும் சிரித்துத் தொலைப்பேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வாந்தியாக வெளியே வந்துவிடும். மறுவேளைக்கு மறுபடியும் தட்டோடு போய் நிற்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மாப்பிள்ளை கைக்குள் தலையை வைத்தபடி அவள் போய்விட்டாள். நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.  நானாகத்தான் வந்து பார்த்தேன்.

எட்டாம் நாள் மிஸ்ஸி துக்கம் கேட்க வந்தார். மீதி மருந்தைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றார். எடுத்துவந்து கொடுத்தேன். ஒரு போத்தல் சீல்கூட உடைக்காமல் இருந்தது. இன்னொன்றை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மருந்து எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தார். நானும் தினமும் செய்கிற வேலை அது. அவர் என்ன கண்டுபிடித்தார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பாதிதாம்மா குடுத்தீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன். அண்ணன் கதையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நிறைய வீட்டில் இப்படித்தான் நடக்கிறது, நான்தான் இன்னும் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து? போத்தல்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கோடு போட்ட சிரிஞ்சு மட்டும் மேசைமேல் கிடந்தது.

மாப்பிள்ளை இவ்வளவு நேரமும் கூடத்து நாற்காலியில்தான் இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு வேண்டாம் என்றவர் அவர். அரளியும் செடிதான் என்றவர். இப்போது கேட்டாரென்றால் காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தேன்.

"அவளுக்குத் தெரியும்கா" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீங்க பாதிதான் குடுக்கறீங்கன்னு. சிவப்புக் கோட்ட அவளும் பாத்தாதானே. நான்கூடச் சொன்னேன், அக்காகிட்ட நான் பேசுறேன், இல்லன்னா நானே முழுசாக் குடுத்துடுறேன்னு. கைய எடுத்துக் கும்பிட்டா. 'சொல்லாதீங்க. எண்ணெய் வாங்குனதுக்கே அக்கா குளிக்கற ரூம்ல போய் அழுதுட்டு வருது. இதுவும் தப்புன்னு தெரிஞ்சா அக்கா தாங்காது'ன்னா. சாமி மேல சத்தியம் வாங்கிட்டா. அதான் நானும்..."

 அவரும் அந்த மூன்று வாரம் அவள் வலியை அளந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்காக. இரண்டு பேருமே எனக்காக.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.  அவர்தான் எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"காலையிலருந்து ஒண்ணும் சாப்டலக்கா நீங்க. சாப்பிடுங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பிசைந்து வாயில் வைத்தேன். இறங்கியது. அவர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு காலியாகும் வரை சாப்பிட்டேன். எங்கள் வீட்டு அளவுப்படி நான் பிழைத்துக்கொண்டேன்.